முழுப் பித்தளையா, முலாமா, பிவிடியா? திரைச்சீலைக் கம்பி வாங்குமுன்

கடை வெளிச்சத்தில் மூன்றும் ஒரே மஞ்சள்தான். ஒன்று முழுப் பித்தளைக் குழாய். இன்னொன்று இரும்புக் குழாய்க்கு மேல் பித்தளை முலாம் பூசியது. மூன்றாவது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்மீது பிவிடி முறையில் (வெற்றிட அறையில் ஆவியாக்கிப் படியவைப்பது) ஏற்றிய பொன்னிறப் படலம். அளவு கொடுத்து வெட்டி வாங்கிவிட்டால் திருப்பி எடுக்கமாட்டார்கள். அதனால் நிறத்தை விட்டுவிட்டு இரண்டு விஷயத்தை முதலில் பாருங்கள்: ஜன்னல் எவ்வளவு அகலம், வளையம் எங்கே உரசப்போகிறது.

எது எது என்று கண்டுபிடிக்க ஒரு காந்தம் போதாது. வலுவாக ஒட்டினால் பெரும்பாலும் இரும்பு; சில ஸ்டெயின்லெஸ் ரகமும் ஒட்டும். ஒட்டாவிட்டால் பித்தளையாகவும் இருக்கலாம், ஸ்டெயின்லெஸ்ஸாகவும் இருக்கலாம். வெட்டிய முனையைக் காட்டச் சொல்லுங்கள்: உள்வரை மஞ்சளாக இருந்தால்தான் பித்தளை. எடையும் காட்டிக்கொடுக்கும். 25 மி.மீ. விட்டம், 1.2 மி.மீ. கனம் (கடைக்காரர் மொழியில் 18 கேஜ்) கொண்ட பித்தளைக் குழாய் மீட்டருக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். அதே விட்டத்தில் 0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் குழாய் அரைக் கிலோகூட வராது.

கனமாக இருப்பதால் பித்தளை உறுதியானது என்று பலர் நினைக்கிறார்கள். தொய்வு விஷயத்தில் நேர்மாறு. வளைவை எதிர்க்கும் விறைப்பு பித்தளைக்கு ஸ்டீலில் பாதிதான். மேலே சொன்ன பித்தளைக் குழாயில், லைனிங் வைத்துத் தைத்த கனத்த திரையை மாட்டினால், இரண்டு பிராக்கெட்டுக்கு நடுவே 6 அடி இருக்கும்போது சுமார் 6 மி.மீ. தொங்கும். கண்ணுக்குத் தெரியாது. 8 அடியாக்கினால் 20 மி.மீ.; வாசலில் நின்றாலே தெரியும், திரையும் தானாக நடுவுக்கு வழுக்கி வரும். தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதுதான் காரணம்: நீளம் இரு மடங்கானால் தொய்வு பதினாறு மடங்கு. 0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் குழாய் மெலிந்ததாக இருந்தும் இதைவிடக் குறைவாகவே தொங்கும். ஆக, 5 அடி ஜன்னலுக்கு 25 மி.மீ. பித்தளை தாராளம். அதற்கு மேல் நடு பிராக்கெட் போட்டே ஆகவேண்டும், அல்லது குழாயின் விட்டத்தைக் கூட்டவேண்டும்.

நடு பிராக்கெட் வந்தால் ஐலெட் திரை (மேல்விளிம்பில் உலோக வளையம் பதித்த துளைகள் உள்ளது) அதைத் தாண்டாது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு திரையாகத் தைத்தால் பிரச்சினையில்லை. ஒரே திரையை முழு அகலத்துக்கும் இழுக்க ஆசைப்பட்டால், பின்புறம் திறந்த வளையமும் அதற்கேற்ற பிராக்கெட்டும் தேவை. இதைக் கம்பியோடு சேர்த்தே ஆர்டர் செய்யுங்கள். தனியாகத் தேடினால் அளவு பொருந்தாது.

மேற்பரப்புக்கு வருவோம். முலாம் பூசிய இரும்பை நாங்கள் எந்த வீட்டுக்கும் சொல்வதில்லை. முலாமின் கனம் சில மைக்ரான்தான். தினம் இருமுறை வளையம் ஓடும் இடத்தில் அது தேய்ந்து, அடியில் இருக்கும் இரும்பு துருப்பிடித்து, வெள்ளைத் திரையின் மேல்விளிம்பில் பழுப்புக் கோடு விழும். துவைத்தால் போகாத கறை. வெட்டிய முனைகளில் முலாமே கிடையாது என்பதால் துரு அங்கிருந்தும் தொடங்கும்.

பித்தளையில் லேக்கர் (நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) அடித்தது, அடிக்காதது என இரண்டு. லேக்கர் போட்டது வாங்கிய நாள் பளபளப்பைச் சில காலம் காக்கும். ஆனால் உலோக ஐலெட் கீறிய இடத்தில் காற்று புகுந்து, லேக்கருக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோல் கறுப்புக் கோடுகள் ஓடும். அப்புறம் மேலே எதைத் தேய்த்தும் பயனில்லை. லேக்கரை முழுதும் உரித்து, பஃபிங் போட்டு, மறுபடி அடிக்கவேண்டும். லேக்கர் இல்லாதது சீக்கிரம் மங்கும். ஆனால் குத்துவிளக்கு தேய்க்கத் தெரிந்த வீட்டில் அது ஒரு பொருட்டே அல்ல. புளியைத் தேய்த்து உடனே கழுவித் துடைத்துவிடுங்கள். ஊறவிட்டால் அமிலம் மேற்பரப்பிலுள்ள துத்தநாகத்தை அரித்து, செம்பு நிறத் திட்டு விழும். லேக்கர் போட்டதில் புளி வேண்டவே வேண்டாம்.

கடற்கரையை ஒட்டிய குடியிருப்பு என்றால் எங்கள் தேர்வு பிவிடி, அதுவும் 304 ரக ஸ்டெயின்லெஸ் குழாய்மீது. மலிவான 202 ரகத்தில் உப்புக் காற்று பழுப்புப் புள்ளி வைக்கும். பிவிடிக்கும் குறை உண்டு: ஆழமாகக் கீறினால் வீட்டில் சரிசெய்ய வழியில்லை. பழசானால் எடைக்குப் போட்டாலும் பித்தளைக்குக் கிடைக்கும் விலை இதற்குக் கிடைக்காது.

அளவு எடுக்கும்போது ஸ்டீல் டேப்பையே பயன்படுத்துங்கள், துணி டேப் இழுபடும். சட்டத்தின் வெளி அகலத்தோடு இருபுறமும் 20 செ.மீ. சேர்த்தால், திறந்த திரை கண்ணாடியை மறைக்காமல் ஒதுங்கும். 150 செ.மீ. சட்டத்துக்கு 190 செ.மீ. கம்பி. "முனைக் குமிழ் நீங்கலாக 190" என்று எழுதிக் கொடுங்கள். தகராறு வருவதெல்லாம் இந்த ஒரு வரியில்தான். குமிழுக்கும் பக்கச் சுவருக்கும் இடையில் கை நுழையும் இடம் வேண்டும். முனையிலிருந்து 6 செ.மீ. உள்ளே பிராக்கெட், கடைசி வளையம் அதற்கு வெளியே நிற்கட்டும், அப்போதுதான் திரையின் ஓரம் சுவரை விட்டு விலகாது.

வீட்டிலேயே சுருக்க நேர்ந்தால், வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப் சுற்றி, அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஆக்ஸா பிளேடால் அறுங்கள். முரட்டுப் பல் மெல்லிய குழாயைக் கிழிக்கும்.

சுவர்தான் அடுத்த சிக்கல். சட்டத்துக்கு மேல் 10 செ.மீ. என்றால் பெரும்பாலும் லிண்டல் கான்கிரீட்டில் விழும். ஹேமர் டிரில் இல்லாமல் நடக்காது. இடையில் பிட் நின்று உலோகச் சத்தம் கேட்டால் உள்ளே கம்பி இருக்கிறது. முட்டி மோதாமல் 2 செ.மீ. தள்ளித் துளையுங்கள், மறுபக்க பிராக்கெட்டையும் அதே அளவு நகர்த்துங்கள். செங்கல் சுவரில் சிமென்ட் பூச்சு மட்டும் 12 முதல் 15 மி.மீ. இருக்கும். ரால் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் உறை) அந்தப் பூச்சிலேயே நின்றுவிட்டால் முதல் இழுப்பில் கையோடு வரும். 8 மி.மீ. பிட், 60 மி.மீ. ஆழம், தூசியை ஊதிவிட்டு பிளக்கைச் செங்கல்வரை இறக்கி, 50 மி.மீ. ஸ்க்ரூ. ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) சுவரானால் அதற்கென்றே வரும் நீள நைலான் பிளக் வாங்குங்கள்; சாதாரணப் பிளக் உள்ளேயே சுற்றும்.

இரண்டு பிராக்கெட்டையும் ரசமட்டத்தால் இணைத்துக் குறியுங்கள். கூரையிலிருந்து அளந்து குறிக்காதீர்கள், கூரை மட்டமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பித்தளை ஸ்க்ரூவை நேராக முடுக்கினால் தலை முறியும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஏற்றி இறக்கி வழி செய்துவிட்டு, பிறகு பித்தளையை ஏற்றவேண்டும். கடைசியாகக் குமிழைப் பிடிக்கும் சிறு ஸ்க்ரூ: அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, அலன் கீயால் (அறுகோண முனைச் சாவி) பிடித்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு அரைச் சுற்று கொடுத்தால் குழாய் நசுங்கும்.