ஃபிரீபிஎஸ்டி சேர்வரின் பூட்டுச் சேவை: ஓர் அச்சகத்தின் மதிப்பீடு

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் இருக்கும் எங்கள் அச்சகத்துக்குக் கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவு மலர், அச்சிடும் வேலைதான் அதிகம் வரும். சென்ற மாதம் ஒரு கல்வெட்டின் வம்சாவளிப் பக்கங்கள் அழிந்துபோயின. கனடாவில் இருக்கும் மகள் தொலைபேசியில் ஒவ்வொரு பெயராகச் சொல்லித் திருத்திய பக்கங்கள் அவை. இங்கு வேலைசெய்யும் இரண்டு பிள்ளைகள் ஒரே கோப்பைத் திறந்திருந்தார்கள். பிந்திச் சேமித்த பிரதி முந்தியதை விழுங்கிவிட்டது. கல்வெட்டைக் கொடுக்க வேண்டிய அந்தியேட்டிச் சடங்குக்கு இரண்டே நாள்.

அன்றிரவே காரணத்தைத் தேடினேன். எங்கள் கோப்புகள் ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ஓடும் ஒரு சேர்வரில் இருக்கின்றன; மற்றக் கணினிகள் என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறையால் அவற்றைத் திறக்கின்றன. அந்தச் சேர்வரில் இரண்டு வலை அட்டைகள் உண்டு: ஒன்று அச்சகத்துக்குள், மற்றது இணைய ரவுட்டர் பக்கம். ஒருவர் திருத்தும் கோப்பை மற்றவர் மாற்றாமல் பூட்டிவைக்க உதவும் சேவையான லொக்டி இரண்டிலும் செவி கொடுத்தது. மின்சாரம் போய்வரும்போதெல்லாம் புதிய போர்ட் எண்ணை, அதாவது வலையில் அந்தச் சேவையின் வாசல் எண்ணை, எடுத்தது. வலைப் போக்குவரத்தை வடிகட்டும் தீச்சுவர் அதை மறித்தது. முன்பு பொருத்தித் தந்தவர் கணினிகளில் 'நோலொக்டி' தெரிவைப் போட்டுச் சமாளித்திருக்கிறார். அதனால் பூட்டு அந்தந்தக் கணினிக்குள்ளேயே நின்றுவிட்டது. சேர்வருக்குத் தெரியவே இல்லை. அதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

திருத்தம் எளிது. லொக்டிக்கும், கணினிகள் மறுபடி தொடங்கியதை அதற்கு அறிவிக்கும் துணைச் சேவையான ஸ்டாட்டிக்கும் 'எச்' தெரிவில் 192.168.10.5 என்ற உள்முகவரியையும், 'பி' தெரிவில் நிலையான போர்ட்டையும் கொடுத்தேன், லொக்டிக்கு 4045. அந்த எண்களைத் தீச்சுவரில் திறந்து, நோலொக்டியை எடுத்துவிட்டேன். சேர்வர் தன்னையே அழைக்கும் முகவரியான 127.0.0.1 தானாகவே சேர்ந்துகொள்கிறது. திறந்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையில், போர்ட்டுக்கு முன்னால் 'எல்லா முகவரியும்' என்று பொருள்படும் நட்சத்திரக் குறி நின்ற இடத்தில் எங்கள் முகவரியைக் கண்டபோதுதான் மூச்சு வந்தது.

குறையும் உண்டு. என்எஃப்எஸ்ஸுக்குத் தேவையான மற்றச் சேவைகளான ஆர்பிசிபைண்ட், மவுண்டி, என்எஃப்எஸ்டி ஒவ்வொன்றுக்கும் அதே முகவரியைத் தனித்தனியே எழுத வேண்டும். ஒன்றை மறந்தால் அந்த வாசல் திறந்தே கிடக்கும். என்எஃப்எஸ் நான்காம் பதிப்பில் பூட்டு நெறிமுறைக்குள்ளேயே இருப்பதால் 2049 என்ற ஒரு போர்ட் போதும். புதிதாக அமைப்பவர்கள் அதையே எடுங்கள். எங்கள் பழைய கணினிகளுக்கு மூன்றாம் பதிப்புத்தான் ஒத்துவருகிறது.

செவ்வாய்க்கிழமை மின்சாரம் போய் வந்தது. பழைய பூட்டுகளை மீட்க லொக்டி எடுக்கும் 30 விநாடி கழிந்ததும், இருவரையும் ஒரே கோப்பைத் திறக்கச் சொன்னேன். "அண்ணா, எனக்கு வாசிக்க மட்டும்தான் விடுகிறது" என்றாள் இரண்டாமவள்.