கிளாஸ் அயனோமரில் எந்த நானோ: டைட்டானியமா, ஹைட்ராக்சிஅபடைட்டா?

எம்டிஎஸ் என்கிற பல் மருத்துவ மேற்படிப்பு ஆய்வுக்கு, பல் குழியை அடைக்கிற ஜிஐசி என்கிற கிளாஸ் அயனோமர் சிமெண்டில் என்ன நானோ பவுடரை, அதாவது மிக நுண்ணிய தூளை, சேர்ப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. கூடப் படித்தவர்கள் பலர் டைட்டானியம் டை ஆக்சைடு (இனி சுருக்கமாக டைட்டானியம்) பக்கம் போனார்கள். நான் பல்லிலேயே இருக்கிற கால்சியம் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட் எடுத்தேன்.

சிமெண்டைப் பற்றிச் சுருக்கமாக: இங்கிலாந்தில் வில்சனும் கென்ட்டும் உருவாக்கி 1972இல் அறிவித்தது, பல்லோடு தானே ஒட்டும், ஃபுளோரைடு விடும், ஆனால் கடைவாய்ப்பல்லில் தேயும், உடையும்.

டைட்டானியம் மலிவு, வெள்ளை, நானோ வெள்ளி அடைப்பைக் கறுக்க வைப்பதுபோல் இது வைக்காது, கிருமியையும் கொஞ்சம் தடுக்கும். எடையில் 3 முதல் 5 சதவீதம் சேர்த்தால் வலிமை ஏறுகிறது, 7 சதவீதத்துக்குப் போனால் இறங்குகிறது என்று ஆய்வுகள் வந்திருக்கின்றன.

எனக்கு உறுத்தியது அந்த இறக்கம்தான். இந்த சிமெண்ட் இறுகுவதே, லிக்விடில் இருக்கும் பாலிஅக்ரிலிக் அமிலம் பவுடரில் இருக்கும் கண்ணாடித் துகள்களை அரித்து, வெளிவரும் கால்சியம், அலுமினிய அயனிகளால் தன் சங்கிலிகளைக் கட்டிக்கொள்வதால்தான். டைட்டானியம் இந்த வேலையில் சேருவதில்லை, இடுக்குகளை அடைத்துக்கொண்டு சும்மா இருக்கும். துகள் சிறுத்தால் மொத்த மேற்பரப்பு ஏகத்துக்கும் கூடும், அத்தனையையும் நனைக்க லிக்விட் போதாது, கொதிநீரில் ஒரேயடியாகக் கொட்டிய ரவை மாதிரி உள்ளே காய்ந்த கட்டிகள் நிற்கும், விரிசல் அங்கிருந்து கிளம்பும். சரி, லிக்விடைக் கூட்டலாமே என்றால் சிமெண்டே பலவீனமாகிவிடும். ஹைட்ராக்சிஅபடைட்டும் கட்டி தட்டத்தான் செய்யும், ஸ்பேச்சுலாவால் கையில் கலக்கும்போது நன்றாகவே தெரியும். ஆனால் அது அமிலத்தில் ஓரளவு கரையும், கால்சியம் கொடுக்கும், அதே பிணைப்பில் தானும் சேர்ந்துகொள்ளும். எனாமலில் பெரும்பங்கும் இந்தக் கனிமம்தானே, ஜிஐசி பல்லைப் பிடிப்பதும் அதிலுள்ள கால்சியம் வழியாகத்தான். அதனால் அளவு சற்றுக் கூடினாலும் டைட்டானியம் அளவுக்குக் கவிழ்க்காது என்பது என் கணிப்பு. விலைதான் கடிக்கும்.

ஆனால் நான் அழுத்திப் பார்த்ததெல்லாம் 6 மில்லிமீட்டர் உயரம், 4 மில்லிமீட்டர் விட்டத்தில் வார்த்த உருளைகள், 37 டிகிரி நீரில் ஒரு நாள் ஊறியவை. பாக்கு மெல்லுகிற, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற வாய்க்கு இதை வைத்து உத்தரவாதம் தர மாட்டேன். கிளினிக்கில் இப்போதும் கடையில் வரும் கெட்டி ரக ஜிஐசியைத்தான் வைக்கிறேன், அதில் நானோ பவுடரை நாமே கலந்து நோயாளிக்கு வைக்கிற யோசனை யாருக்காவது இருந்தால் வேண்டாம்.