லூபஸ் டெஸ்டுக்கு "பேக்கேஜ்" என்று போன் வந்தால் பணம் போடாதீர்கள். எனக்கு ரூ.14,800 போச்சு

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு ஆப். பெயர் போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார்.

மகளுக்கு 12 வயது. காலையில் முகம் வீங்குகிறது, சிறுநீர் நுரைக்கிறது, கன்னம் இரண்டும் சிவந்திருக்கிறது. பெரம்பூரில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், சிறுநீரில் அல்புமின் (புரதம்) 3+, அதாவது நிறையப் போகிறது என்றதும், லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்) கிட்னியைத் தொட்டிருக்குமோ என்று சந்தேகப்பட்டார். ஏ.என்.ஏ., டிஎஸ்-டிஎன்ஏ (இரண்டும் லூபஸுக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை), சி3, சி4 (ரத்தத்தில் உள்ள எதிர்ப்புச் சக்திப் புரதங்கள்), கிரியேட்டினின் (கிட்னி வேலை செய்கிறதா என்று பார்க்க), சிறுநீரில் புரதம்-கிரியேட்டினின் விகிதம் என்று எழுதித் தந்தார்.

சீட்டைப் படம் எடுத்து ஆப்பில் போட்ட கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள். "அக்கா, பாப்பாவை வெயில்ல அலைய விடாதீங்க. எல்லாமே எங்க ஆட்டோஇம்யூன் பேக்கேஜ்ல வந்துடும். எங்க அக்கா பொண்ணுக்கும் இதேதான், நானே கூட இருந்து முடிச்சுத் தரேன்." பாப்பாவுக்கு ஊசி என்றால் பயமா என்றுகூடக் கேட்டாள். அப்படிக் கேட்பவளை யார் சந்தேகப்படுவார்கள்? ரூ.14,800 அனுப்பினேன்.

ரிப்போர்ட் கல்யாண ஆல்பம் மாதிரி வந்தது. வைட்டமின் டி, தைராய்டு, கொழுப்பு, எல்லாம் கலரில். ஏ.என்.ஏ. பாசிட்டிவ். டிஎஸ்-டிஎன்ஏ கிடையாது. சிறுநீர் வாங்கவே இல்லை. சி3, சி4 இடத்தில் "மாதிரி தகுதியற்றது". ஆகாதா பின்னே, ஐஸ் பெட்டி இல்லாமல் பைக்கில் கொண்டுபோனால்? ஏ.என்.ஏ. மட்டும் நோயில்லாத பிள்ளைகளுக்கும் பாசிட்டிவ் வருமாம். லூபஸில் பெரும்பாலும் சி3, சி4 இரண்டும் இறங்கும், தொண்டைப்புண்ணுக்குப் பிறகு வரும் கிட்னி அழற்சியிலும் சி3 இறங்கும், ஆனால் சி4 பெரும்பாலும் இறங்காது, அதைப் பார்க்கத்தான் இரண்டும் கேட்டேன் என்று டாக்டர் தலையில் கை வைத்தார்.

அந்த அக்கா பொண்ணுக்காரி போனையே எடுப்பதில்லை. கஸ்டமர் கேரில் "டிக்கெட் போட்டாச்சு மேடம்". அடுத்தவர் "லேப்தான் பொறுப்பு". லேப்பில் கேட்டால் "ஆப்பைக் கேளுங்க". கடைசியில் ரூ.500 கூப்பனாம்! கொடுத்தது ரூ.14,800 ஐயா.

இப்போது எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் எல்லாம் திரும்ப எடுத்துவிட்டு பயாப்சி (கிட்னியில் சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பது) சொல்லியிருக்கிறார்கள். லூபஸ் கிட்னியைப் பாதித்தது எந்த வகை (கிளாஸ்) என்று அதில் தெரிந்தால்தான் மருந்து முடிவாகுமாம்.

விவரமாக எழுத நினைத்தேன், நேரமில்லை. டாக்டர் எழுதிய பெயர் ஒவ்வொன்றும் பில்லில் இருக்கிறதா பாருங்கள். சிறுநீர் கேட்காத பேக்கேஜை வாங்காதீர்கள். சி3, சி4 என்றால் லேபுக்கே பிள்ளையை அழைத்துப் போங்கள். முகம் வீங்கினால் பி.பி.யும் பார்க்கச் சொல்லுங்கள். ரூ.14,800 திரும்ப வாங்க வழி தெரிந்தவர்கள் கமென்டில் சொல்லுங்கள்.