கிளிநொச்சியில் இருந்து கொழும்பு ஐஎக்ஸ் போர்ட்: நீண்டகாலப் பாவனையில் கண்டவை

ஐஎக்ஸ் எனப்படும் இணையப் பரிமாற்ற மையம் இணையத்தை விற்பதில்லை. அங்கே இருப்பது ஒரு பெரிய ஈதர்நெட் சுவிட்ச். உறுப்பினர்களின் ரவுட்டர்கள் எல்லாம் ஒரே லானில் நிற்கும்; யார் யாருக்கு எந்த முகவரிகளை அறிவிப்பது என்பதை பிஜிபி என்ற வழி அறிவிக்கும் நெறிமுறை பார்த்துக்கொள்ளும். உள்ளூர் வலையமைப்புகளும், அங்கே கேச் சேர்வர் வைத்திருக்கும் நிறுவனங்களும்தான் அந்த வழியால் வரும். மீதிக்கு ட்ரான்சிட், அதாவது முழு இணையத்துக்கும் காசு கொடுத்து வாங்கும் இணைப்பு, வேண்டும். சுவிட்சில் ஒரு போர்ட் கிடைத்ததும் ட்ரான்சிட்டை வெட்டலாம் என்று கணக்குப் போட்டால் கணக்குப் பிழைக்கும்.

வன்னியில் இருந்து சேர்பவருக்குத் தூரம்தான் முதல் செலவு. சுவிட்ச் கொழும்பில், ரவுட்டர் கிளிநொச்சியில். இடையில் 300 கிலோமீற்றருக்கு மேல். அதற்கு ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் லேயர் 2 சேர்க்கிட் (ஈதர்நெட்டை அப்படியே கடத்தும் இணைப்பு) வாடகைக்கு எடுக்க வேண்டும். போர்ட் கட்டணத்தைவிட இந்த வாடகைதான் கையைக் கடிக்கும். தாமதம் பற்றிப் பயம் வேண்டாம். பைபரில் ஒளி ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 5 மைக்ரோசெக்கன் எடுக்கும். 350 கிலோமீற்றர் போய்வர 3.5 மில்லிசெக்கன். பைபர் வளைந்து போவதையும் நடுவில் உள்ள கருவிகளையும் சேர்த்தாலும் 10க்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் சேர்க்கிட் எங்கோ சுற்றி வருகிறது, பாதையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு உள்ளூர் வலையமைப்புகள் சிங்கப்பூரில் மட்டும் சந்திக்கிறபோது, கொழும்பில் இருக்கும் இணையப் பக்கம் கடல் தாண்டிப் போய்த்தான் கிளிநொச்சிக்கு வரும். ஐஎக்ஸ் தீர்ப்பது அந்தச் சுற்றலை.

சேர்வதற்கு, ஆசிய-பசிபிக் பகுதிக்கு இணைய முகவரிகள் வழங்கும் அப்னிக்கிடம் ஏஎஸ் எண்ணும் (வலையமைப்பின் அடையாள எண்) சொந்த முகவரிகளும் எடுக்க வேண்டும். புதியவருக்கு ஐபிவி4 அதிகபட்சம் /23, அதாவது 512 முகவரி. ஐபிவி6 தாராளமாகக் கிடைக்கும். முதல் நாளே அதையும் சேர்த்து இயக்குவது நல்லது.

நல்ல ஐஎக்ஸ் புதிய போர்ட்டை உடனே பொது லானில் விடாது. தனி வீலானில் (பிரித்து வைத்த லானில்) வைத்து, என்ன பிரேம் (ஈதர்நெட் பொட்டலம்) வருகிறது என்று பார்க்கும். ஐபிவி4, ஏஆர்பி (ஐபி முகவரிக்கு உரிய மாக் முகவரியைக் கேட்கும் முறை), ஐபிவி6 தவிர வேறொன்றும் வரக்கூடாது; ஒரு போர்ட்டுக்கு ஒரே ஒரு மாக் முகவரி, அதாவது கருவியின் வன்பொருள் முகவரி. தூரத்து உறுப்பினர்கள் மாட்டுப்படுவது இங்கேதான். உங்கள் ரவுட்டர் ஒழுங்காக இருந்தாலும், நடுவில் நிற்கும் நிறுவனத்தின் சுவிட்ச் ஸ்பானிங் ட்ரீ பொட்டலங்களை (சுவிட்சுகள் சுழற்சியைத் தடுக்கத் தமக்குள் பேசுபவை)க் கசியவிடும்; போர்ட் பூட்டுப்படும். உங்கள் பக்கத்தில் ப்ராக்சி ஏஆர்பியையும் நிறுத்துங்கள். சிஸ்கோவின் ஐஓஎஸ்ஸில் அது நாம் சொல்லாமலே இயங்கும். விட்டால் மற்றவர்களின் முகவரிக்கும் உங்கள் ரவுட்டர் பதில் சொல்லி, அவர்களுடைய ட்ராபிக்கை இழுத்துக்கொள்ளும்.

அதிகம் நேரம் தின்னும் பிழை எம்டியூ, அதாவது ஒரே தடவையில் கடத்தக்கூடிய பொட்டலத்தின் உச்ச அளவு. பிஜிபி செஷன் 'எஸ்டாப்ளிஷ்ட்' என்று காட்டும், சில நிமிடத்தில் ஹோல்ட் டைமர் (மறுபக்கச் செய்திக்குக் காத்திருக்கும் நேரம்) முடிந்து விழும், திரும்ப எழும்பும், திரும்ப விழும். சேர்க்கிட் 1500 பைட்டை முழுதாகக் கடத்தவில்லை என்பதன் அடையாளம் அது. செஷன் தொடங்கும் சிறு பொட்டலங்கள் போய்ச் சேரும். வழிகள் நிறைந்த பெரிய அப்டேட் நடுவழியில் விழும். டிசிபி அதையே திரும்பத் திரும்ப அனுப்ப, 19 பைட் கீப்அலைவ் (உயிரோடு இருக்கிறேன் என்ற செய்தி) அதன் பின்னால் வரிசையில் நிற்கும். சேர்க்கிட்டைப் பொறுப்பேற்கும் முன், துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் பிங் அடியுங்கள். தலைப்புகள் 28 பைட் சேர்ந்து சரியாக 1500. அது போகாவிட்டால் கையெழுத்து வைக்க வேண்டாம்.

அடுத்தது பைபர் வெட்டு. ஏ9 ஓரத்தில் பெக்கோ இறங்கினால் சேர்க்கிட் போகும். மழைக்காலத்தில் திருத்தவும் நேரம் எடுக்கும். அப்போது கிளிநொச்சியிலும் கொழும்பிலும் போர்ட் லைட் எரிந்துகொண்டே இருக்கலாம், ஏனென்றால் வெட்டு நடுவில். ரவுட்டருக்கு விஷயம் தெரிவது ஹோல்ட் டைமர் முடிந்த பிறகுதான்: சிஸ்கோவில் வழமையாக 180 செக்கன், ஜூனிபரில் 90. அவ்வளவு நேரமும் பொட்டலங்கள் பாழ்கிணற்றில் விழும். நேரடிப் பியரிங்கில் (ஓர் உறுப்பினருடன் நேரே வைக்கும் செஷனில்) பிஎப்டி என்ற விரைவுச் சோதனையைப் போட்டு, 300 மில்லிசெக்கன் இடைவெளியில் மூன்று தவறினால் விழுத்து என்று வைத்தால் ஒரு செக்கனுக்குள் ட்ரான்சிட்டுக்கு மாறும்.

ரூட் சேர்வர், அதாவது உறுப்பினர்களின் வழிகளைத் திரட்டி எல்லோருக்கும் கொடுக்கும் ஐஎக்ஸ் சேர்வர், சின்ன வலையமைப்புக்குப் பெரிய வசதி. ஒரு செஷன் போட்டால் அதில் இருக்கும் எல்லோருடைய வழிகளும் வரும். இரண்டு இருந்தால் இரண்டிலும் சேருங்கள். அது தன் ஏஎஸ் எண்ணை வழியோடு வரும் ஏஎஸ் பாதையில் சேர்க்காது. சில ரவுட்டர்கள் அதைப் பிழையென்று நிராகரிக்கும், பாதையின் முதல் எண் செஷனின் மறுபக்கத்துடையதா என்று பார்க்கும் முதல் ஏஎஸ் சோதனையை நிறுத்த வேண்டும். மேக்ஸ் பிரிபிக்ஸ் எல்லையும் (எத்தனை வழிகள் வரை ஏற்பது என்பது) போடுங்கள். ஆனால் ட்ராபிக் ரூட் சேர்வர் வழியாகப் போவதில்லை. அதனுடன் செஷன் நலமாக இருக்க, ஒரு குறிப்பிட்ட உறுப்பினருக்கான வழி மட்டும் சுவிட்சில் அறுந்திருக்கலாம். எந்தக் கருவியும் கத்தாது. அதிக ட்ராபிக் வரும் இரண்டு மூன்று பேருடன் நேரடியாகவும் செஷன் வைக்கச் சொல்வது இதனால்தான்.

போர்ட் காலியாகக் கிடக்கிறது, ட்ரான்சிட் நிரம்பி வழிகிறது என்ற முறைப்பாட்டுக்கு வழமையான காரணம் ஒன்றுதான். ட்ரான்சிட்டுக்கு இரண்டு /24 (/23இன் இரு பாதிகள்) அறிவித்து, ஐஎக்ஸில் /23 மட்டும் அறிவித்திருப்பார்கள். நுணுக்கமான வழிதான் எப்போதும் வெல்லும், வெளியே போகும் பாதையைத் தெரிவுசெய்யும் லோக்கல் பிரிபரன்சை எவ்வளவு கூட்டினாலும் உள்ளே வருவது மாறாது. ஐஎக்ஸிலும் அதே /24களை அறிவியுங்கள். அதற்கு முன் ஆர்ஓஏயை (எந்த ஏஎஸ் எந்த முகவரிகளை அறிவிக்கலாம் என்ற பதிவை) பாருங்கள்: அதிகபட்ச நீளம் 23 என்றிருந்தால் /24 செல்லாததாகி, ரூட் சேர்வரே வடிகட்டிவிடும்.

ஒளி அளவையும் முதல் நாளே குறித்து வையுங்கள். 10 ஜி எல்ஆர் மொடியூல் (பைபரைப் பொருத்தும் ஒளிக் கருவி) −14.4 டிபிஎம் (ஒளி வலுவின் அளவு) வரை குறைந்த ஒளியைத்தான் வாங்கும். 3 டிபி குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது. கோடைப் புழுதியில் முதலில் கனெக்டரைத் துடைத்துப் பாருங்கள்.

ஐஎக்ஸ் தரப்பில் குறைசொல்ல அதிகமில்லை. பராமரிப்பு வேலைக்கு முன் மின்னஞ்சல் வரும். அந்த நேரத்துக்குச் சற்று முன் உங்கள் வழிகளில் 65535:0 கம்யூனிட்டியை (இந்த வழி விரைவில் மூடப்படும் என்று சொல்லும் குறியை) சேர்த்தால், அதை மதிக்கும் உறுப்பினர்கள் வேறு பாதைக்கு மாறிவிடுவார்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிட மறக்க வேண்டாம். எடுக்காவிட்டால் போர்ட் எழும்பியும் ட்ராபிக் வராது.