மெலிந்த படையாளின் வேலை: வெஸ்நோத் விளையாட்டைப் பற்றி ஒரு மதிப்புரை

2022 ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில், கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டில் மின்கலத்தை நம்பி ஓடிய பழைய மடிக்கணினியில்தான் நான் ‘பேட்டில் ஃபார் வெஸ்நோத்’ விளையாட்டை முதன்முதலாக ஆடத் தொடங்கினேன். முறைக்கு முறை மாறி ஆடும் போர் வியூக விளையாட்டு என்பதால் அவசரம் இல்லை. ஒவ்வொரு முறையும் தானாகவே சேமிக்கப்படுவதால், கணினி அணைந்து போனாலும் ஆட்டம் வீணாவதில்லை. டேவிட் வைட் என்பவர் 2003 இல் வெளியிட்ட இவ்விளையாட்டைத் தன்னார்வலர்கள் இன்றுவரை வளர்த்து வருகின்றனர். 2024 மார்ச்சில் வந்த 1.18 பதிப்பையே இப்போது ஆடுகிறேன். பணம் எதுவும் செலுத்தத் தேவையில்லை. மூலநிரலும் திறந்தே இருக்கிறது.

கதை, படங்கள், இசை ஆகியவற்றைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு இவ்விளையாட்டின் மேல் பற்று உண்டானதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. வேகமாக ஓடக்கூடிய, ஆனால் இரண்டு அடியில் செத்துப்போகக்கூடிய மெலிந்த படையாள்களுக்கு வெஸ்நோத் உண்மையான வேலையைக் கொடுத்திருக்கிறது. நான் ஆடிய வேறு பல வியூக விளையாட்டுகளில் அப்படிப்பட்டவர்கள் தொடக்கத்தில் வழி பார்த்துவிட்டுப் பின்னர் மறக்கப்படுகிறார்கள். இங்கே அவர்களைச் சரியாக ஆளத் தெரிந்தவர் தம்மைவிடப் பெரிய படையையும் கலைத்துவிடலாம்.

விதிகள் எளியவை. தரை முழுவதும் அறுகோணக் கட்டங்களால் ஆனது. ஒருவர் மீது அடி விழுமா என்பதை அவர் நிற்கும் நிலமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நாள் ஆறு பொழுதுகளாக ஓடுகிறது: விடியல், காலை, பிற்பகல், அந்தி, முதற்சாமம், இரண்டாஞ்சாமம். மனிதப் படையினர் பெரும்பாலோர் பகலில் 25 வீதம் கூடுதலாகவும் இரவில் 25 வீதம் குறைவாகவும் அடிப்பார்கள். ஓர்க்குகள் எனப்படும் கற்பனை அரக்கர்களுக்கு இது தலைகீழ். ஊர்களைப் பிடித்தால் பொன் வரும். காயப்பட்டவர் ஊரில் தங்கினால் முறைக்கு 8 உயிர்ப்புள்ளி திரும்பும்.

ஒருவர் எதிரிக்கு அடுத்த கட்டத்தில் கால் வைத்தவுடன் அந்த முறைக்குரிய அவருடைய நடை முடிந்துவிடும் என்பது இன்னொரு விதி. இதை மறிப்பு வலயம் என்று சொல்லலாம். கிளித்தட்டு ஆடி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோட்டில் நிற்பவர் ஒருவர்தான். ஆனால் அவர் கை எட்டும் தூரம் முழுவதும் அடைபட்டதாகவே பொருள். இடைவெளி விட்டு நிறுத்திய மூன்று பேர் ஒரு வெளியையே மறித்துவிடலாம். ‘ஸ்கர்மிஷர்’ என்னும் திறன் உடையவர்களை மட்டும் இந்த வலயம் கட்டுப்படுத்தாது. மனிதப் படையின் ஃபென்சர் அத்தகையவர். அவருக்கு 28 உயிர்ப்புள்ளி, 6 நடை, 16 பொன் விலை. கையில் ஒரு மெல்லிய வாள், உடலில் கவசம் இல்லை.

ஃபென்சரின் அருமையை எனக்குக் காட்டியவன் என் அக்காவின் மகன். ஒரே மடிக்கணினியை மாற்றி மாற்றிக் கையளித்து ஆடும் வசதி இவ்விளையாட்டில் இருக்கிறது. அன்று நான் ஓர்க்குகளை எடுத்திருந்தேன்; அவன் மனிதப் படையை எடுத்திருந்தான். என்னுடைய கிரண்ட் எனப்படும் வாள்வீரர்கள் வரிசையாக நின்று வெளியை மறித்திருந்தார்கள். காலைப் பொழுதில் அவனுடைய ஃபென்சர் இரண்டு கிரண்ட்களுக்கு நடுவால் நுழைந்து, வரிசைக்குப் பின்னால் இருந்த என் ஊரில் போய் நின்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. தனித்து வந்த மெலிந்தவன் இரண்டு பேருக்கு எவ்வளவு நேரம் தாங்குவான் என்று நினைத்து, இருவரையும் திருப்பி அவன்மேல் ஏவினேன்.

“மாமா, அடிக்க முதல் கணக்கைப் பாருங்கோ,” என்றான் மருமகன்.

நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பின்வருமாறு தெரிந்திருக்கும். ஊரில் நிற்கும் ஃபென்சர் மீது ஒரு வெட்டு விழும் வாய்ப்பு 30 வீதம் மட்டுமே. கிரண்ட் ஒருவருக்கு இரண்டு வெட்டு. ஆக இருவருக்கும் நான்கு. பகலில் என் ஓர்க்குகளின் கை தளர்ந்திருப்பதால், மூன்று வெட்டு விழுந்தாலும் 28 புள்ளியும் தீராது. நான்கும் விழ வேண்டும். அதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுகூட இல்லை. இதே காட்சி இரவில் நடந்திருந்தால் இரண்டு வெட்டே போதும். நான்கில் குறைந்தது இரண்டு விழும் வாய்ப்பு ஏறத்தாழ 35 வீதம். ஆள் அதே ஆள், ஊர் அதே ஊர். பொழுது ஒன்று மாறியதால் மட்டுமே, துணிந்து செய்யத்தக்க ஒரு செயல் தற்கொலைக்கு அருகில் போய்விடுகிறது.

ஒரேயொரு வெட்டு விழுந்தது. ஃபென்சர் சாகவில்லை. ஆனால் நான் இழந்தது வேறு. இரண்டு கிரண்ட்கள் திரும்பிய இடத்தில் என் வரிசை திறந்து கிடந்தது. அவனுடைய ஸ்பியர்மன் எனப்படும் ஈட்டிவீரர்களும் குதிரைகளும் பகலின் முழுப் பலத்தோடு அதன் வழியே உள்ளே வந்தன. ஊரில் நின்றவன் 8 புள்ளியைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். என் வருமானத்தில் அந்த ஊரின் பொன் குறைந்தது, அவனுடையதில் கூடியது. அந்தி சாயத் தொடங்கியதும் ஃபென்சர் வந்த வழியே வெளியேறிவிட்டான். அந்த ஆட்டம் முழுவதிலும் அவன் ஒருவரையும் கொல்லவில்லை என்பதைப் பின்னர்தான் கவனித்தேன்.

கிளித்தட்டில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று மறிப்பவரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்க, மற்றவர்கள் மறுபக்கத்தால் கடந்துபோவார்களே, அதுதான் இங்கும் நடந்தது. மெலிந்த படையாள் எத்தனை பேரைக் கொன்றார் என்பதைவிட, எதிரியின் எத்தனை பேரை வேண்டாத இடத்துக்குத் திருப்பினார் என்று கேட்பதே பொருத்தம். அவரை முன்வரிசையில் நிறுத்தி அடி வாங்க வைப்பவர், 14 பொன்னுக்கு வாங்கக்கூடிய ஸ்பியர்மனின் வேலையை 16 பொன்னுக்கு அரைகுறையாகச் செய்விக்கிறார்.

எல்லா வேகமான படையாளும் ஒரே மாதிரி இல்லை என்பதும் இவ்விளையாட்டின் சிறப்பு. ஓர்க்குகளின் வுல்ஃப் ரைடருக்கு 8 நடை. குதிரை ஏறவே முடியாத மலையில் ஓநாய் ஏறிவிடும். ஆனால் அவருக்கு ஊடுருவும் திறன் இல்லை. ஆகவே வரிசையின் ஓரத்தால், மலை வழியாகச் சுற்றிப்போய்த் தனித்துக் கிடக்கும் ஊரைப் பிடிப்பதே அவருக்கு ஏற்ற வேலை. ஊரைப் பிடித்தவுடன் அந்த முறை நடை முடிந்துவிடும். எதிரியின் முறை முழுவதும் அங்கேயே நிற்க வேண்டும். எனவே போகும் முன்னரே, எதிரிகளில் யார் யார் அவ்விடத்தை எட்டுவார்கள் என்று பார்ப்பது கட்டாயம். எதிரியின் மேல் சுட்டியை வைத்தால் அவர் சென்றடையக்கூடிய கட்டங்கள் திரையில் ஒளிரும். இந்த ஒரு பழக்கத்தைக் கைக்கொண்ட பிறகு என் ஓநாய்களின் சாவு வெகுவாகக் குறைந்தது.

வாம்பயர் பாட் எனப்படும் வௌவாலும் 8 கட்டம் பறக்கும். ஆனால் அது மிகக் கீழான பூச்சிய மட்டத்தில் உள்ள உயிரி என்பதால் அதற்கு மறிப்பு வலயமே கிடையாது. தப்பியோடும் எதிரித் தலைவரை மறிக்க இரண்டு வௌவால்களை நிறுத்திவிட்டு, அவர் அவற்றின் அருகால் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரியை மறைக்கும் பனிமூட்டம் வைத்து ஆடும்போது வழி பார்க்கவும், அடிபட்டு ஓடுகிறவரை முடித்துவைக்கவும் அது நல்லது. வாசலை அடைக்க உதவாது.

ஹோர்ஸ்மன் என்னும் ஈட்டிக் குதிரை வீரர் இவர்கள் எல்லோரிலும் ஆபத்தானவர்; எதிரிக்கும் ஆபத்து, ஆளுகிறவருக்கும் ஆபத்து. அவர் பாய்ந்து தாக்கும்போது கொடுக்கும் அடியும் இரட்டிப்பு, வாங்கும் அடியும் இரட்டிப்பு. பகலில் ஸ்பியர்மன் மீது அவரை ஏவினால், முந்திக் குத்தும் திறன் உடைய அந்த ஈட்டி இரண்டு தடவை பட்டதும் 38 புள்ளியும் போய்விடும். அதே ஹோர்ஸ்மனை டார்க் அடெப்ட் என்னும் சூனியக்காரர் மீது ஏவினால் நிலைமை முற்றிலும் வேறு. அவரிடம் கைகலப்பு ஆயுதமே இல்லாததால் திருப்பி அடிக்க முடியாது. பகலில் இரண்டு குத்தும் பட்டால் அவர் முடிந்தார். ஒன்றும் படாவிட்டால்கூட ஹோர்ஸ்மனுக்கு அந்தக் கணத்தில் இழப்பில்லை. ஆனால் அடுத்து வரும், அந்தச் சூனியக்காரரின் படையிலுள்ள எலும்புக்கூடுகளின் முறையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குள்ளர்களும் கள்ளர்களும் சேர்ந்த நல்கன் படையில் தீஃப் என்றொரு மலிவான படையாள் உண்டு. விலை 13 பொன். அவர் தாக்கும் எதிரிக்கு நேர் பின்புறக் கட்டத்தில் நம்மவர் ஒருவர் நின்றால் குத்து இரட்டிப்பாகும். அந்தப் பின்புறத்துக்கு ஆள் அனுப்புவதுதான் சிக்கல். கிரிஃபான் ரைடர் பறந்து அங்கே இறங்கி ஒரு அடியும் அடிக்காமல் நின்றாலே போதும். அது நிற்பதே தீஃபின் கத்திக்குப் பலம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தனியாக ஆடும்போது கணினியின் அறிவு போதாது. மெலிந்தவர் ஒருவர் கைக்கு எட்டினால் அது காரியத்தை மறந்து அவர் பின்னால் ஓடுகிறது. ஒரேயொரு குதிரையைக் காட்டி அதன் பாதிப் படையைக் காட்டுக்குள் இழுத்துப் போயிருக்கிறேன். அது தரும் இன்பம் இரண்டு ஆட்டத்துக்கு மேல் நிற்பதில்லை. அப்படிப் பழகிய கை, மனிதர் எதிரே அமர்ந்ததும் தடுமாறுகிறது. தொடக்கப் பயிற்சி நகர்வதையும் அடிப்பதையும் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறது. ஆனால் நான் மேலே எழுதியவற்றுள் பெரும்பாலானவற்றை ஆடுகிறவர் தோற்றுத்தான் கற்க வேண்டியிருக்கிறது.

அதிர்ஷ்டத்தைப் பற்றிய முறைப்பாட்டை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். 70 வீதம் தப்பவேண்டியவர் தொடர்ந்து மூன்று அடி வாங்கிச் செத்தால் மனம் நோகத்தான் செய்யும். ஆயினும் அது 37 தடவையில் ஒரு தடவை நடக்கக்கூடியதுதான். அடிக்கு முன் வரும் சாளரத்தில், யார் எவ்வளவு உயிரோடு மிஞ்சுவார் என்பதை வீதக்கணக்காக விளையாட்டே காட்டுகிறது. எதையும் ஒளிக்காத இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். மெலிந்தவர்களை ஆளுகிறவருக்கு அந்தச் சாளரம் இல்லாமல் ஒரு முறைகூடக் கழியாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மனிதப் படையை எடுத்து, எதிரே இருப்பவருக்கு ஓர்க்குகளைக் கொடுத்து, ஃப்ரீலாண்ட்ஸ் போன்ற இருவர் களத்தில் ஆடிப் பார்க்கலாம். கையில் 100 பொன் இருக்கும். மருமகன் இப்போதும் முதலில் ஒரேயொரு ஃபென்சரைத்தான் வாங்குகிறான். இரண்டாவதை, எதிரி எந்தப் பக்கம் வரிசை கட்டுகிறார் என்று தெரிந்த பிறகே எடுக்கிறான்.