சாதாரண தரப் பரீட்சைக்கு முன் ஆசிரியர்களுக்கான ஒருநாள் ஊக்குவிப்புப் பட்டறை: படுவான்கரைப் பாடசாலையொன்றின் அனுபவம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள எங்கள் பாடசாலையில், தரம் 11 மாணவர்கள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த தை மாதத்தில், ஆசிரியர்களுக்கும் ஏனைய பணியாளர்களுக்குமாக ஒருநாள் ஊக்குவிப்புப் பட்டறையொன்று நடந்தது. நகரத்திலிருந்து வந்த தனியார் பயிற்சி நிறுவனமொன்று அதைப் பொறுப்பெடுத்திருந்தது. மதிய உணவுடன் தலைக்கு 1,500 ரூபாய் என்ற கணக்கில் 32 பேருக்கு 48,000 ரூபாய் ஆயிற்று; பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர்கள் சிலரும் அதைச் சேர்த்துக் கொடுத்தார்கள். வயலிலும் வாவியிலும் உழைப்பவர்களின் காசு அது. ஆகவே அது எதற்குப் பயன்பட்டது, எதற்குப் பயன்படவில்லை என்பதை இதே யோசனையில் இருக்கும் மற்றப் பாடசாலைகளுக்காக எழுதிவைப்பது என் கடமை என்று கருதுகிறேன். நான் அங்கே கணிதம் கற்பிக்கிறேன்.

இத்தகைய பட்டறை ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் டிசம்பரில் முடிந்துவிடும் இப்பரீட்சை, 2023ஆம் ஆண்டுக்குரியது 2024 மே மாதத்திலும், 2024ஆம் ஆண்டுக்குரியது 2025 மார்ச்சிலும் நடைபெறும் அளவுக்குத் தள்ளிப்போனது. ஒரு வகுப்பைக் கரையேற்றுவதற்கு முன்பே அடுத்த வகுப்பு வந்து நிற்க, மாலை வகுப்பும் மாதிரிப் பரீட்சையும் விடைத்தாள் திருத்தமும் ஓய்வில்லாமல் தொடர்ந்ததில், எங்கள் ஓய்வறையில் பேச்சுச் சத்தமே குறைந்துபோயிருந்தது. வேலையில் விருப்பமில்லாதவர்கள் என்று எவரும் அங்கே இல்லை. செய்கிற வேலை எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது.

காலை அமர்வைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முக்கால் மணி நேரம் பிந்தித் தொடங்கி, வெளிநாட்டு விளையாட்டு வீரர்களின் காணொளிகளும் கைதட்டல் பயிற்சிகளுமாகப் பத்தரை மணி வரை சென்றது. பேசியவர் நன்றாகவே பேசினார். ஆயினும் அதில் எங்கள் வகுப்பறையில் உள்ள ஒரு பிள்ளையின் முகமும் இல்லை.

தேநீருக்குப் பின் நடந்த விடைத்தாள் அமர்வே இந்தப் பட்டறையின் உயிர். கடைசித் தவணைப் பரீட்சையில் 28 முதல் 34 வரை புள்ளி பெற்றவர்களின் விடைத்தாள்களை, பெயர் தெரியாதவாறு பிரதியெடுத்துத் தரும்படி, பட்டறையை நடத்திய வளவாளர் முன்கூட்டியே கேட்டிருந்தார். சித்தியடைய 35 வேண்டும் என்பதால், கரைக்குக் கிட்ட வந்து நிற்கும் பிள்ளைகளின் தாள்கள் அவை. எனக்கு வந்த தாளில் 31 புள்ளி இருந்தது. கணிதப் பாடத்தில் இரண்டு வினாத்தாள்களுக்கும் சேர்த்து 200 புள்ளி, அதன் பாதியே இறுதிப் புள்ளி. எனவே 31 என்பது 62, வேண்டியது 70, குறைவது எட்டு. முதலாம் வினாத்தாளின் முற்பகுதியில் வரும் 25 சிறு வினாக்களுக்கும் தலா இரண்டு புள்ளி என்பதால், அந்தப் பிள்ளைக்கும் சித்திக்கும் இடையில் நின்றவை நான்கே நான்கு சிறு வினாக்கள். தாளைப் புரட்டினால், தொடைகள் (கணங்கள்) பற்றிய வினாவில் வென்னுருவைச் சரியாக வரைந்துவிட்டு விடைக்குரிய கோட்டை வெறுமையாக விட்டிருந்தது. நிகழ்தகவில் பின்னத்தைத் தலைகீழாக எழுதியிருந்தது. இரண்டு மாதம் போதாது என்று மனத்துக்குள் முடிவுகட்டியிருந்த நான், இரண்டு கிழமை போதும் என்று அந்தக் கதிரையில் இருந்தபடியே எண்ணத் தொடங்கினேன்.

எனக்குப் பக்கத்தில் இருந்த தமிழ் ஆசிரியை, என் கையிலிருந்த தாளில் ழகரத்தின் வால் நீண்டு கிடந்ததைக் கண்டு, தன்னிடமுள்ள தாளும் அதே பிள்ளையுடையதுதான் என்றார். தகப்பனோடு இரவில் வயலுக்கு யானைக் காவலுக்குப் போய்வரும் பிள்ளை அது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வகுப்புக்குக் கிழமையில் மூன்று நாள் கணிதம் முதலாம் பாடவேளையில் இருந்தது. கண் திறக்க முடியாத நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு நான் சமன்பாடு கற்பித்துக்கொண்டிருந்தேன். அன்று மதியத்துக்குள்ளேயே பிரதி அதிபர் நேரசூசியை மாற்றி, கணிதத்தை மூன்றாம் பாடவேளைக்குக் கொண்டுவந்தார். உயர்தரத்துக்குப் போக எண்ணும் பிள்ளைக்குக் கணிதச் சித்தி எவ்வளவு முக்கியம் என்பதை அறிந்த ஆசிரியர்களுக்கு அந்த மாற்றத்தின் பெறுமதி விளங்கும்.

அலுவலகப் பணியாளரையும் காவலாளியையும் அழைக்கும் வழக்கம் அந்த நிறுவனத்துக்கு இருக்கவில்லை. எங்கள் அதிபரே வற்புறுத்திச் சேர்த்தார். அதனால் வந்த பயன் பெரிது. மாதிரி வினாத்தாள்களை நாங்கள் முதல்நாள் பின்னேரம்தான் கையளிக்கிறோம் என்பதையும், அச்சிட்டு, அடுக்கி, தைத்து முடிக்க இருட்டிவிடுகிறது என்பதையும் அலுவலகத் தம்பி அன்றுதான் எங்கள் எல்லோருக்கும் முன்பாகச் சொன்னார். இப்போது இரண்டு நாள் முந்திக் கொடுக்கிறோம்.

பிற்பகல் அமர்வில் நடந்ததை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. பாடவாரியாகச் சித்தி வீதங்களை, கற்பிப்பவரின் பெயருடன், மண்டபச் சுவரில் பெரிய தாளில் ஒட்டினார்கள். முதல் நியமனத்தில் வந்து ஓராண்டும் ஆகாத விஞ்ஞான ஆசிரியையின் பெயர் அடியில் இருந்தது. அந்தப் பாடத்துக்கு அவர் வருவதற்கு முன் நீண்ட நாள் ஆசிரியரே இருக்கவில்லை என்பது அத்தாளில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அவர் எழுந்து வெளியே போனார். பகுதித் தலைவர் அந்தத் தாளைக் கழற்றி மடித்து வைக்கும் வரை ஒருவரும் பேசவில்லை. போட்டி மனப்பான்மையை உண்டாக்கும் முறை அது என்று விளக்கம் தந்தார்கள். பிள்ளைகளை அப்படி வரிசைப்படுத்தக் கூடாது என்று கற்றுக்கொண்டு வந்தவர்களிடம் அந்த விளக்கம் எடுபடவில்லை.

மாலை வகுப்பை ஆறு மணி வரை நீட்டலாம் என்ற ஆலோசனையும் இடத்தை அறியாமல் சொன்னது. எங்களில் பலர் அம்பிளாந்துறையில் பாதை எனப்படும் மிதவைக்குக் காத்து நின்று வாவியைக் கடந்து, குருக்கள்மடத்தில் பஸ் பிடித்து வீடு சேருபவர்கள். சிறு குழந்தைகளை வீட்டில் விட்டு வரும் தாய்மார் அவர்களில் அதிகம். சாப்பாடு நன்றாக இருந்தது. ஆறு வாரத்துக்குப் பின் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னவர்கள், வராமல் தொலைபேசியில் விசாரித்ததோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இந்தச் சேவையை எடுக்க நினைக்கும் பாடசாலைகள், விடைத்தாள் அமர்வை மட்டும் அரைநாளாகக் கேட்டுப் பெறுவது நல்லது. சனிக்கிழமையை விட்டு, மாணவர்களுக்கு விடுமுறையான ஒரு வேலைநாளை வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியுடன் ஒதுக்கினால், களைத்தவர்களை மேலும் களைக்க வைக்காமலும் இருக்கலாம். அடுத்த தரம் 11க்காக நாங்கள் அப்படித்தான் எழுதிக் கேட்டோம். பெயர்ப்பட்டியல் எதுவும் சுவரில் ஒட்டப்படாது என்பதையும் கடிதத்தில் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தோம். தலைக்கு 700 ரூபாய்க்கு அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். தாள்களைப் பிரதியெடுக்கும் வேலையை இம்முறை விஞ்ஞான ஆசிரியை தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.