இடமதிப்புக் கட்டைகள்: வாங்கலாம், ஆனால் பெட்டியில் இருப்பது மட்டும் போதாது

இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இடமதிப்பு கற்பிப்பதற்காக எங்கள் பள்ளியில் வாங்கிய மரக்கட்டைத் தொகுப்பைப் பற்றிய மதிப்புரை இது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள 100 சிறு கட்டைகள், பத்துக் கட்டை நீளமுள்ள 10 கோல்கள், நூறு கட்டைகளின் பரப்புள்ள 10 பலகைகள், ஆயிரத்தைக் குறிக்கும் ஒரு பெரிய கனசதுரம் ஆகியவை பெட்டியில் இருக்கின்றன. ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் ஜோல்டான் டீன்ஸ் (1916–2014) பல அடிமானங்களில் (ஐந்தைந்தாக, பத்துப் பத்தாக எனத் தொகுக்கும் எண்முறைகளில்) அமைத்த கட்டைகளுள், இன்று பரவலாக விற்பனையாவது இந்தப் பத்தடிமான வகையே.

மரம் வழவழப்பாக இழைக்கப்பட்டிருக்கிறது. கோடுகளும் ஆழமாக உள்ளன. சிறு கட்டைகளை வாயில் போடும் வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மட்டும் கவனம் தேவை.

இதன் உண்மையான வலிமை இனமாற்றத்தில், அதாவது ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றுவது போன்றவற்றில், வெளிப்படுகிறது. 52-லிருந்து 27-ஐக் கழிக்கும்போது, இரண்டு கட்டைகளிலிருந்து ஏழை எடுக்க முடியாது என்று கண்ட பிள்ளை, ஒரு கோலைக் கொடுத்துப் பத்துக் கட்டைகளைத் தானே வாங்கிக்கொள்கிறது. நூற்று ஐந்தை 1005 என்று எழுதும் பிள்ளைக்கும் நீண்ட விளக்கம் தேவைப்படுவதில்லை. ஒரு பலகையையும் ஐந்து கட்டைகளையும் ஒரு பக்கம் வைத்து, பெரிய கனசதுரத்தையும் ஐந்து கட்டைகளையும் மறுபக்கம் வைத்தால், தான் எழுதியது எவ்வளவு பெரிய எண் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது.

ஆயினும், விற்பவர்கள் சொல்லாத முக்கியமான குறை ஒன்று உண்டு. மூன்று கோல்களையும் நான்கு கட்டைகளையும் எப்படிக் கலைத்துப் போட்டாலும் அவை 34-தான். எழுதும் எண்ணிலோ இலக்கங்களை இடம் மாற்றினால் 43 ஆகிவிடும். கட்டையின் மதிப்பு அதன் அளவில் இருக்கிறது. இலக்கத்தின் மதிப்பு அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. ஆகவே நூறுகள், பத்துகள், ஒன்றுகள் என்று கட்டம் போட்ட விரிப்பு ஒன்று பெட்டியோடு வந்திருக்க வேண்டும், வரவில்லை. நாங்கள் சார்ட் தாளில் வரைந்துகொண்டோம். அதில் 305-ஐ அடுக்கும்போது பத்துகளின் கட்டம் வெறுமையாக நிற்பதால், அங்கே சுழியம் எழுதுவதன் காரணம் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்குகிறது. ஆணிகளில் மணிகளைக் கோக்கும் ஆணிமணிச்சட்டத்தில் எல்லா மணிகளும் ஒரே அளவில் இருக்கும், மணி நிற்கும் ஆணிதான் அதன் மதிப்பைச் சொல்லும் என்பதால், அதை இதற்குப் பிறகு கொடுப்பதே சரி என்பது என் கருத்து.

ஆயிரத்தின் கனசதுரம் எனக்கு நிறைவளிக்கவில்லை. வெளியே தெரியும் ஆறு முகங்களின் சதுரங்களை மட்டும் எண்ணும் பிள்ளை அதை 600 என்று சொல்லிவிடுகிறது. அதனால் பத்துப் பலகைகளை அடுக்கி அதன் பக்கத்தில் வைத்துக் காட்டுவது கட்டாயம். கோல்களைப் பிரிக்கவும் முடியாது. பத்தைத் தானே கட்டிப் பார்த்திராத பிள்ளைக்குக் கோல் என்பது வெறும் நீளக்கட்டைதான் என்பதால், முதலில் ஐஸ் குச்சிகளையும் ரப்பர் பேண்டுகளையும் கொடுத்துப் பத்துப் பத்தாகக் கட்டச் சொல்வது நல்லது.

எண்ணிக்கையும் பற்றாது. 367-ஐயும் 285-ஐயும் அடுக்கிக் கூட்ட 14 கோல்கள் வேண்டும். பெட்டியில் இருப்பவை 10 மட்டுமே. வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஈரிலக்கக் கணக்குகளைச் சொல்லித்தர ஒரு பெட்டி தாராளமாகப் போதும். மூவிலக்கக் கூட்டலுக்குச் செல்லும் வகுப்பாசிரியர்கள், குழுவுக்கு இரண்டு பெட்டிகளாவது வாங்க வேண்டும். கடைக்காரர் உதிரியாகக் கொடுப்பாரென்றால், ஒரு பெட்டியோடு கூடுதலாகப் பத்துக் கோல்களை வாங்குவது செலவைக் குறைக்கும்.